கீபோர்டுக்காரர் பதில்கள்: சிந்த்-பாப்பை எங்கிருந்து கேட்கத் தொடங்கலாம்?

சிந்தசைசர் (சுருக்கமாக சிந்த்) என்ற மின்னணுக் கருவியை மையமாக வைத்த சிந்த்-பாப், எலெக்ட்ரானிக், பெரிய நிறுவனங்களைச் சாராத இண்டி இசை பற்றிக் கேள்விகள் அனுப்பும்படி சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்தவற்றில் சில இங்கே. பதில் சொல்பவர் பல ஆண்டுகள் மெல்லிசை மேடைகளில் கீபோர்டு வாசித்தவர். இப்போது திண்டுக்கல்லில் கீபோர்டு பழுதுபார்க்கிறார்.

கேள்வி: கல்லூரியில் படிக்கும் என் மகள் எந்நேரமும் சிந்த்-பாப் கேட்கிறாள். நான் எண்பதுகளின் சினிமாப் பாட்டில் வளர்ந்தவள். அவள் கேட்பது எனக்கும் பிடிக்குமா? பிடிக்குமென்றால் எந்தப் பாட்டில் தொடங்கட்டும்?
– ஒரு வாசகி, திருநெல்வேலி

பதில்: கட்டாயம் பிடிக்கும் அம்மா. எண்பதுகளின் பாட்டில் வளர்ந்த காதுக்கு சிந்தசைசர் புதிதே இல்லை. யமஹா டிஎக்ஸ்7 வந்தது 1983-இல். அதன் மணிமணியான எலெக்ட்ரிக் பியானோ டோனைப் பெயர் தெரியாமலே எத்தனையோ பாட்டில் கேட்டிருப்பீர்கள். சினிமாப் பாட்டில் வயலின்களுக்கும் தபலாவுக்கும் பக்கத்தில் ஓர் ஓரமாக நின்ற சிந்த், இங்கே மேடை முழுவதையும் எடுத்துக்கொள்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

பலரும் ஜெர்மனியின் கிராஃப்ட்வெர்க் குழுவில் தொடங்கச் சொல்வார்கள். வரலாறு படிக்க அது சரியான இடம். ஆனால் பாட்டென்றால் முதலில் குரல் என்று பழகிய உங்களுக்கு நான் அதை முதலில் தரமாட்டேன். யாஸூ என்ற இருவர் குழுவின் 'ஒன்லி யூ' பாட்டைக் கேளுங்கள். 1982-இல் வந்தது. மூன்று நிமிடம் சொச்சம்தான் ஓடும்.

அந்த இருவரின் கதையையும் சொல்கிறேன். லண்டனுக்குக் கிழக்கே பேசில்டன் என்ற ஊர். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு திட்டமிட்டுக் கட்டிய புதுநகரம். அந்த ஊர்ப் பையன்கள் சேர்ந்து டிபெஷ் மோட் என்ற குழுவைத் தொடங்கினார்கள். 1981-இல் வந்த முதல் ஆல்பத்தின் பாட்டுகளில் பெரும்பாலானவற்றை எழுதியவர் வின்ஸ் கிளார்க். ஆல்பம் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே அவர் குழுவை விட்டு விலகினார். அதே ஊரில் அலிசன் மோயே என்ற பெண் உள்ளூர்க் குழுக்களில் ப்ளூஸ் பாடிக்கொண்டிருந்தார். பாட ஆள் வேண்டுமென்றால் தன்னைக் கூப்பிடலாம் என்று ஓர் இசை வார இதழில் அவர் கொடுத்த விளம்பரத்தைப் பார்த்து வின்ஸ் கிளார்க் கூப்பிட்டார். அவரிடம் இருந்தது சிந்த். இவரிடம் இருந்தது அடிவயிற்றிலிருந்து வரும் கனமான குரல். 'ஒன்லி யூ' பிரிட்டிஷ் பட்டியலில் இரண்டாம் இடம் வரை போனது. முதல் ஆல்பத்தை ஒரு பழைய தேவாலயக் கட்டிடத்தில் இருந்த ஸ்டூடியோவில் பதிவு செய்தார்கள். அடுத்த ஆண்டு இரண்டாவது ஆல்பத்தோடு குழுவே முடிந்துவிட்டது.

அந்தப் பாட்டில் சிந்த் செய்வது மிகக் கொஞ்சம். ஒரு கார்டின், அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டத்தின், சுரங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத் திரும்பத் திரும்ப வாசிக்கிறது. குரலுக்கு எங்கும் இடைஞ்சல் தருவதில்லை. பின்னணி இவ்வளவு அடக்கமாக இருந்தால் குரல் எவ்வளவு தூரம் போகும் என்பதை நான் இந்தப் பாட்டில்தான் கற்றுக்கொண்டேன். இன்றைக்கும் கடையில் ஒரு கீபோர்டைச் சரிசெய்து முடித்ததும் முதலில் இதைத்தான் வாசித்துப் பார்க்கிறேன்.

அப்புறம் ஹியூமன் லீக். இரும்பு எஃகுக்குப் பேர்போன ஷெஃபீல்டு ஊர்க்காரர்கள். 1981-இல் வந்த அவர்களின் 'டோன்ட் யூ வான்ட் மீ' உங்களுக்கு உடனே பிடிபடும், ஏனென்றால் அது ஒரு டூயட். முதல் சரணத்தில் ஆண் தன் கதையைச் சொல்கிறான். அடுத்த சரணத்தில் பெண் வந்து, நடந்தது அப்படியில்லை என்று தன் பக்கத்தைச் சொல்கிறாள். அதைப் பாடிய இளம்பெண்ணையும் அவர் தோழியையும் அந்தக் குழுவின் பாடகர் ஷெஃபீல்டில் ஒரு நடன விடுதியில் பார்த்துத்தான் குழுவில் சேர்த்தார். அப்போது இருவரும் பள்ளி மாணவிகள். தேர்ந்த பாடகிகள் இல்லை. அந்தப் பாட்டு மனதில் தங்குவதற்குப் பக்குவப்படாத அந்தக் குரலே காரணம் என்பேன்.

இரண்டையும் கேட்டபின் மகளிடம் சர்ச்சஸ் என்ற குழுவைப் போடச் சொல்லுங்கள். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ ஊர். முதல் ஆல்பம் 2013. யாஸூ எங்கே போய்ச் சேர்ந்தது என்று அப்போது தெரியும். அதன்பின் நீங்கள் இருவரும் ஒரே ஹெட்போனுக்குச் சண்டை போட்டால் நான் பொறுப்பில்லை.

கேள்வி: நான் மிருதங்கம் கற்றவன். பொத்தானை அழுத்தினால் தானாக ஓடும் சத்தத்தில் மனிதன் எங்கே இருக்கிறான்? எனக்குப் புரியவில்லை.
– ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: தானாக எதுவும் ஓடுவதில்லை ஐயா. இரண்டு பாட்டுகளை வைத்துச் சொல்கிறேன்.

முதலாவது 'ஐ ஃபீல் லவ்'. 1977, மியூனிக் நகரம். பாடியவர் டோனா சம்மர். இசையமைத்துத் தயாரித்தவர்கள் ஜார்ஜியோ மொரோடரும் பீட் பெல்லாட்டும். ஏறக்குறைய பாட்டு முழுவதையும் ஒரு பெரிய மூக் சிந்தசைசரில் செய்தார்கள். அந்தக் காலத்து அனலாக் சிந்த் கொஞ்சம் சூடேறினால் சுருதி நகர்ந்துவிடும். மேடை விளக்குக்குக் கீழே வைத்து வாசித்தவன் என்பதால் அந்த அவஸ்தை எனக்கு நன்றாகத் தெரியும். அவர்கள் சில நொடிகள் பதிவு செய்வார்கள், நிறுத்துவார்கள், சுருதி சேர்ப்பார்கள், மறுபடி பதிவு செய்வார்கள். கச்சேரி நடுவில் கல்லை எடுத்து வலந்தலையைத் தட்டிச் சுருதி சேர்க்கிறீர்களே, அதேதான். இன்னொன்று: அந்தப் பாட்டின் பேஸ் டிரம்முக்கு அந்த மூக் சிந்த்திலிருந்து தேவையான அடி வரவில்லை. ஆகவே கீத் ஃபோர்சி என்ற டிரம்மர் உட்கார்ந்து காலால் அடித்தார். உலகமே இயந்திர இசையின் தொடக்கம் என்று கொண்டாடும் பாட்டில் காலப்பிரமாணத்தைத் தாங்கி நிற்பது ஒரு மனிதனின் வலது கால்.

ஹெட்போன் போட்டுக் கேளுங்கள். அடியில் ஓடும் பேஸ் வரி ஒரு காதில் விழும். அதன் எதிரொலி இம்மி தாமதித்து மறு காதில் விழும். இரண்டும் சேரும்போது நடை இரட்டிப்பாகக் கேட்கும். லயம் தெரிந்த உங்களுக்கு அது என்னைவிட நன்றாகப் புரியும்.

இரண்டாவது, மான்செஸ்டரின் நியூ ஆர்டர் குழு 1983-இல் வெளியிட்ட 'ப்ளூ மண்டே'. ஏழரை நிமிடம். ஜாய் டிவிஷன் என்ற குழுவின் பாடகர் இயன் கர்டிஸ் 1980-இல் தற்கொலை செய்துகொண்டார். மிச்சமிருந்த நண்பர்கள் தொடங்கியதுதான் இந்த நியூ ஆர்டர். இதில் ஓடும் சீக்வென்சரை, அதாவது ஏற்றிவைத்த சுரங்களைத் தானாக வாசிக்கும் பெட்டியை, குழுவின் பெர்னார்ட் சம்னர் உதிரிபாகங்கள் வாங்கித் தன் கையால் கட்டினார். பழுதுபார்க்கும் தொழிலில் இருப்பவனுக்கு இதைவிட இனிக்கும் செய்தி உண்டா? சுர வரிசையை அதற்குள் ஏற்ற வேண்டியவர் அதே குழுவின் கில்லியன் கில்பர்ட். நீளமான தாள்களை ஒட்டி அதில் எல்லாவற்றையும் எழுதி வைத்து ஒவ்வொன்றாக ஏற்றினார். இடையில் ஒரு சுரம் விடுபட்டுப் போனது. அதனால் அந்த மெலடி தாளத்திலிருந்து கொஞ்சம் விலகியே ஓடுகிறது. அதைத் திருத்தாமல் அப்படியே விட்டுவிட்டார்கள். பாட்டில் இருக்கும் தவிப்புக்கு அந்த விலகலும் ஒரு காரணம். மனிதன் எங்கே என்று கேட்டீர்கள். விட்டுப்போன அந்தச் சுரத்தில் இருக்கிறான்.

கேள்வி: பாட்டு கேட்கும் ஆப் எனக்கு ஒரே மாதிரி பாட்டுகளையே திரும்பத் திரும்பக் கொண்டுவந்து தருகிறது. புதிதாகக் கண்டுபிடிக்க நீங்கள் என்ன செய்கிறீர்கள்?
– ஒரு வாசகர், போரூர்

பதில்: பாட்டைப் பிடிக்காதீர்கள், ஆளைப் பிடியுங்கள். யார் தயாரித்தார், எந்த லேபிள் (இசை வெளியீட்டு நிறுவனம்) வெளியிட்டது, வேறு எந்தக் குழுவில் வாசித்தார் என்று பாருங்கள். நான் வாசித்த காலத்தில் கேசட் அட்டையின் உள்மடிப்பில் பொடி எழுத்தில் இருந்த பெயர்கள்தான் எனக்கு வழிகாட்டின. இப்போது பாட்டின் 'கிரெடிட்ஸ்' பகுதியில் அதே பெயர்கள் இருக்கின்றன. அதைத் திறந்து பார்ப்பவர்கள்தான் குறைவு.

மியூட் என்ற லண்டன் லேபிளை எடுத்துக்கொள்ளுங்கள். 1978-இல் டேனியல் மில்லர் என்ற இளைஞர் ஒரு சின்ன கோர்க் சிந்த்தையும் நான்கு டிராக் ரெக்கார்டரையும் வைத்து வீட்டிலேயே இரண்டு பாட்டு செய்து, தி நார்மல் என்ற பெயரில் சொந்தமாக இசைத்தட்டு அடித்தார். மேற்கு லண்டனில் ரஃப் டிரேடு என்ற இசைத்தட்டுக் கடை அதை விநியோகிக்க முன்வந்தது. தட்டின் உறையில் வீட்டு முகவரியைப் போட்டிருந்தார். விளைவு, யார் யாரோ தங்கள் டேப்புகளை அந்த முகவரிக்கு அனுப்பத் தொடங்கினார்கள். அந்த ஒரு தட்டுக்காகத் தொடங்கிய மியூட் என்ற பெயர் அப்படித்தான் லேபிளாக மாறியது. முதலில் சேர்ந்தவர் ஃபேட் காட்ஜெட். பிறகு டிபெஷ் மோட். அவர்களோடு எழுத்தில் ஒப்பந்தம்கூடக் கிடையாது. கை குலுக்கினார்கள், வேலை தொடங்கியது. திருநெல்வேலி வாசகிக்குச் சொன்ன யாஸூவும் மியூட்தான். அதன்பின் வின்ஸ் கிளார்க் தொடங்கிய இரேஷர் குழுவும் மியூட்தான். கோல்ட்ஃப்ராப் குழுவும் மியூட். மோபியின் 'ப்ளே' ஆல்பமும் 1999-இல் பிரிட்டனில் மியூட். பிரெஞ்சுக்காரர் அந்தோனி கோன்சாலெஸின் எம்83 ஆல்பங்களையும் மியூட் வெளியிட்டது. அந்த ஒரு பெயரைப் பிடித்துக்கொண்டு நடந்தாலே ஆறு மாதம் ஓடிவிடும்.

இன்னொரு வழி பேண்ட்கேம்ப். கலைஞர்களே தங்கள் இசையை நேராக விற்கும் இந்தத் தளம் 2008-இல் தொடங்கியது. டிஜிட்டல் விற்பனையில் பொதுவாக 15 சதவீதத்தை அது எடுத்துக்கொள்கிறது. கட்டணச் செலவு போக மிச்சம் கலைஞருக்கு. பெரும்பாலான பாட்டுகளைக் காசு கொடுக்காமலே கேட்டுப் பார்க்கலாம். நான் அதில் செய்வது இதுதான்: எனக்குப் பிடித்த ஓர் ஆல்பத்தின் பக்கத்தைத் திறந்தால் அதை வாங்கியவர்களின் சின்னச் சின்னப் படங்கள் தெரியும். ஒருவரைத் தொட்டால் அவர் வாங்கிய மற்ற ஆல்பங்கள் எல்லாம் வரிசையாக வரும். நம் ரசனையோடு ஒத்துப்போகும் முன்பின் தெரியாத ஒருவரின் அலமாரி அப்படியே நம் முன்னால் திறக்கிறது. அவர் தன் காசைப் போட்டு வாங்கியது அது. அந்தச் சிபாரிசுக்கு மதிப்பு அதிகம். நீங்களும் வாங்க நினைத்தால், உங்கள் கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை திறந்திருக்கிறதா என்று முதலில் வங்கி ஆப்பில் பாருங்கள். பலருக்கு அது மூடியே இருக்கும்.

ரேடியோவையும் விடாதீர்கள். லண்டனின் என்டிஎஸ், சியாட்டிலின் கேஇஎக்ஸ்பி இரண்டையும் இணையத்தில் இலவசமாகக் கேட்கலாம். ஒரு மனிதர் உட்கார்ந்து, ஏன் இந்தப் பாட்டு என்று யோசித்துப் போடுகிறார். பிடிக்காத பாட்டும் வரும். வரட்டும். ஆப் உங்களுக்குத் தராமல் ஒளித்து வைத்திருப்பது அதைத்தான்.

கேள்வி: இந்தியாவில் இந்த மாதிரி எதுவும் இல்லையா?
– கல்லூரி மாணவி, தஞ்சாவூர்

பதில்: இருக்கிறது, அதுவும் நீ நினைப்பதற்கு ரொம்ப முன்னாலேயே. 1969-இல் அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் ஒரு மூக் சிந்தசைசரோடு எலெக்ட்ரானிக் ஸ்டூடியோ அமைத்தார்கள். அமைக்க உதவியவர் அமெரிக்க இசைக்கலைஞர் டேவிட் டியூடர். கீதா சாராபாய் உள்ளிட்ட இந்தியர்கள் அதில் இசையமைத்தார்கள். அந்த டேப்புகள் பல பத்தாண்டுகள் ஆவணக் காப்பகத்தில் கிடந்தன. பால் பர்கஸ் என்ற பிரிட்டிஷ் கலைஞர் அவற்றைத் தேடி எடுத்தார். 2023-இல் 'தி என்ஐடி டேப்ஸ்' என்று தொகுப்பாக வந்தது. இதில் பாட்டு எதிர்பார்க்காதே. இயந்திரத்தை முதன்முதலாகத் தொட்டுப் பார்ப்பவர்களின் வியப்பு அதில் இருக்கிறது.

நான் உனக்கு முக்கியமாகச் சொல்ல விரும்புவது சரண்ஜித் சிங்கை. பம்பாய் சினிமா இசைக்குழுக்களில் கிதாரும் கீபோர்டும் வாசித்தவர். 1982-இல் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் அமைத்து ஒரு ஆல்பம் செய்தார். மூன்றே கருவிகள், மூன்றும் ரோலண்ட்: ஜூபிட்டர்-8 சிந்த், டிஆர்-808 டிரம் மெஷின், டிபி-303 பேஸ் மெஷின். டிபி-303 தனியாகக் கிதார் வாசிப்பவர்களுக்குப் பின்னால் பேஸ் கொடுக்கச் செய்த பெட்டி. அந்த வேலைக்கு யாரும் அதை விரும்பவில்லை. சில ஆண்டுகளில் உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள். பிறகு சிகாகோ இளைஞர்கள் பழைய டிபி-303-ஐ மலிவாக வாங்கி, அதன் குமிழ்களைத் திருகி, 1987-இல் 'ஆசிட் ஹவுஸ்' என்ற பாணியையே உருவாக்கினார்கள். சரண்ஜித் சிங் ஆல்பத்தைக் கேட்டால் ஐந்து ஆண்டுக்கு முன்பே அதே சத்தம் பம்பாயில் ஒலித்தது தெரியும். சிகாகோக்காரர்கள் இவரைக் கேட்டு எடுத்தார்கள் என்று சொல்ல வரவில்லை. டிபி-303-இல் சுரத்திலிருந்து சுரத்துக்கு வழுக்கிச் செல்லும் வசதி உண்டு. ராகம் தெரிந்த ஒருவர் கையில் அது கிடைத்தால் வழுக்காமல் என்ன செய்வார்? வந்தபோது ஆல்பத்தை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 2010-இல் மறுபதிப்பு வந்த பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. 2015-இல் அவர் காலமானார்.

தஞ்சாவூர்ப் பெண்ணுக்கு இந்த ஆல்பத்தின் ராகங்களுக்குள் நுழைவாயில் சுலபம். யமன் நம் கல்யாணிக்கு நெருக்கம். மால்கௌன்ஸ் நமக்கு ஹிந்தோளம். பூபாளி நமக்கு மோகனம். ஹிந்தோளத்தில் தொடங்கு.

அப்புறம் மாயா அருள்பிரகாசத்தை விட முடியுமா? எம்.ஐ.ஏ. என்ற பெயரில் பாடும் ஈழத் தமிழ்ப் பெண். லண்டனில் பிறந்து, யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும் சிறுவயதைக் கழித்து, அகதியாக லண்டன் திரும்பியவர். ரோலண்ட் எம்சி-505 என்ற ஒற்றைப் பெட்டியில் பாட்டுக் கட்டத் தொடங்கினார். 2005-இல் அப்பாவின் பெயரில் 'அருளர்', 2007-இல் அம்மாவின் பெயரில் 'கலா' என்று ஆல்பங்கள் வந்தன. 'கலா'வில் நம் ஊர் உறுமி அதிர்கிறது. அதற்காகச் சென்னை வந்து பதிவு செய்தார். திருவிழா மேடையில் உறுமிக்குப் பக்கத்தில் நின்று கீபோர்டு வாசித்தவன் நான். அந்தச் சத்தம் உலகம் முழுக்கக் கேட்கும் ஒரு தட்டில் முன்வரிசையில் வந்து நின்றதில் எனக்கு இன்றுவரை பெருமை.

கேள்வி: நண்பர்களுக்கு நல்ல பாட்டாகப் பார்த்து முப்பது, நாற்பது என்று பிளேலிஸ்ட் போட்டு அனுப்புகிறேன். ஒருவர்கூடக் கேட்பதில்லை.
– ஒரு வாசகர், புதுச்சேரி

பதில்: ஒன்றே ஒன்று அனுப்புங்கள், தம்பி. ஏன் அவருக்கு அனுப்புகிறீர்கள் என்று ஒரு வரி சேருங்கள். எத்தனையாவது நிமிடத்தில் காதைக் கூர்மையாக்க வேண்டும் என்றும் சொல்லுங்கள். நாற்பது பாட்டு அனுப்பினால் அது வீட்டுப்பாடம்.

என் அண்ணன் மகன் பெங்களூரில் வேலை பார்க்கிறான், அவன் மனைவி புனேயில். அவனுக்கு நான் அனுப்பியது தி போஸ்டல் சர்வீஸ் குழுவின் 'சச் கிரேட் ஹைட்ஸ்'. 2003-இல் வந்த அவர்களின் ஒரே ஆல்பத்தில் இருக்கிறது. ஜிம்மி டாம்பரெல்லோ லாஸ் ஏஞ்சலஸில் தாளத்தையும் சிந்த்தையும் செய்து தபாலில் அனுப்புவார். பென் கிபர்ட் வடக்கே சியாட்டிலில் அதற்கு மெலடியும் வரிகளும் போட்டுத் திருப்பி அனுப்புவார். பெயரும் அப்படித்தான் வந்தது. அமெரிக்க அஞ்சல் துறை தன் பெயர் என்று ஆட்சேபித்து நோட்டீஸ் அனுப்பியது. கடைசியில் சமாதானமாகி, அஞ்சல் துறையே தன் இணையதளத்தில் அந்த ஆல்பத்தை விற்றது. "ஊர் ஊராக இருந்துகொண்டு இரண்டு பேர் சேர்ந்து செய்தது, நீங்கள் இரண்டு பேரும் கேளுங்கள்" என்று மட்டும் எழுதினேன். அன்று இரவே அவனிடமிருந்து போன் வந்தது, இதே மாதிரி வேறு இருக்கிறதா சித்தப்பா என்று.

உங்கள் நண்பர் அப்படிக் கேட்கும்வரை இரண்டாவது பாட்டை அனுப்பாதீர்கள்.

கேள்வி: இரவுப் பேருந்தில் சென்னையிலிருந்து நாகர்கோவில் போகும்போது கேட்க ஒன்று சொல்லுங்கள்.
– ஒரு வாசகி, தாம்பரம்

பதில்: இங்கேதான் கிராஃப்ட்வெர்க். 'ஆட்டோபான்' 22 நிமிடத்துக்கு மேல் ஓடும். கார் கதவு சாத்தும் சத்தத்தில் தொடங்கி, நெடுஞ்சாலைப் பயணத்தையே இசையாகச் செய்திருக்கிறார்கள். செங்கல்பட்டு தாண்டி வண்டி வேகம் பிடித்ததும் போடுங்கள். விழுப்புரத்துக்கு மேல் கனடாவின் ஜூனியர் பாய்ஸ் 2006-இல் வெளியிட்ட 'சோ திஸ் இஸ் குட்பை' ஆல்பத்தை முதலிலிருந்து கடைசிவரை கேளுங்கள். குரல் கிட்டத்தட்ட கிசுகிசுப்பு. தாளங்களுக்கு நடுவில் நிறைய இடம் விட்டிருக்கிறார்கள். திருச்சி வருவதற்குள் தூங்கிவிட்டால் அதுவும் நல்லதே.

ஸ்வீடனின் தி நைஃப் செய்த 'சைலன்ட் ஷவுட்' எனக்கு மிகவும் பிடித்த ஆல்பம். ஆனால் இரவில், தனியாகப் போகிறவருக்கு அதைச் சொல்லமாட்டேன். பகலில் கேளுங்கள்.

கேள்வி: இதையெல்லாம் கேட்க விலை உயர்ந்த ஹெட்போன் வேண்டுமா?
– ஒரு மாணவர், தேனி

பதில்: வேண்டாம். ஆனால் போன் ஸ்பீக்கரில் மட்டும் கேட்காதே. டிஆர்-808 டிரம் மெஷினின் பேஸ் டிரம் அவ்வளவு கீழே ஒலிக்கிறது. விரல் நகம் அளவு ஸ்பீக்கரால் அந்த அதிர்வைக் கொண்டுவர முடியாது. இந்த இசையில் பாதி அந்த அடிப்பகுதியில்தான் இருக்கிறது. காதில் சரியாகப் பொருந்தும் சாதாரண வயர் இயர்போன் போதும். பொருந்தாமல் இடைவெளி விட்டால் பேஸ் வெளியே போய்விடும், எத்தனை ஆயிரம் கொடுத்து வாங்கினாலும் சரி. கூடவே வரும் ரப்பர் மூடிகள் மூன்று அளவில் இருக்கும். மூன்றையும் மாட்டிப் பார்த்து, பேஸ் எதில் நன்றாகக் கேட்கிறதோ அதை வைத்துக்கொள்.